சும்மா விளையாடியவர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, காரியவட்டம் விடுதியில் நாங்கள் ஐவர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்து 'கோப்பா 71' ஆவணப்படத்தைப் பார்த்தோம். ரேச்சல் ராம்சே, ஜேம்ஸ் எர்ஸ்கின் இருவரும் இயக்கி 2023இல் வெளிவந்த படம். நால்வர் மலையாளிகள், நான் ஒருத்தி மட்டும் நாகர்கோவில் பக்கத்தவள். படம் முடிந்தபின் எல்லோரும் சொன்னது ஒன்றே: "இப்படியொன்று நடந்தது நமக்குத் தெரியாமலே போயிற்றே!" அந்த வியப்பைப் பற்றியே இந்தப் பதிவு. அது மறுநாள் காலையில் எனக்கு வெட்கமாக மாறியது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மெக்சிகோவில் மகளிர் கால்பந்து உலகப் போட்டி ஒன்று நடைபெற்றது. மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி என ஆறு அணிகள். ஃபிஃபா அதை ஏற்கவில்லை. இடம் கொடுக்கும் கிளப்புகளுக்கு அபராதம் என்று மெக்சிகோ கால்பந்துக் கூட்டமைப்பு மிரட்டியது. ஆயினும் அஸ்டெக்கா அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 1,10,000 பேர் வந்தனர். டென்மார்க் 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்த சுசன்னே அகஸ்டெசனுக்கு அப்போது வயது 15. இங்கிலாந்து அணியில் 13 வயதுச் சிறுமியும் இருந்தாள். ஊர் திரும்பிய அந்த அணியினரை வரவேற்றது தண்டனைதான். அதன்பின் அவர்களுள் பலர் பல பத்தாண்டுகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

படத்தின் தொடக்கத்தில், 1991இல் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் பிராண்டி சாஸ்டைனிடம் 1971இன் காட்சிகளைக் காட்டுகிறார்கள். தம் தலைமுறைதான் முதலாவது என்று எண்ணியிருந்த அவர் திகைக்கிறார். அவருடைய திகைப்பில் நாங்களும் பங்குகொண்டோம். பிறகு தேநீர் குடித்துவிட்டு உறங்கப் போனோம்.

மறுநாள் காலை, ஆசியாவில் இதுபோல் ஏதேனும் நடந்ததா என்று தேடினேன். நெடுந்தொலைவு தேட வேண்டியிருக்கவில்லை. ஆசிய மகளிர் கோப்பையின் பழைய பட்டியலில் 1980ஆம் ஆண்டுக்கு எதிரே இருந்த ஊர்ப்பெயர்: கோழிக்கோடு.

அந்த ஆண்டு ஜனவரியில் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டி அங்கே நடைபெற்றிருக்கிறது. தைவான், ஹாங்காங், பிலிப்பைன்ஸ், மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றிலிருந்து அணிகள் வந்தன. இந்தியா இரண்டு அணிகளைக் களமிறக்கியது. ஆட்ட அட்டவணையில் அவை 'இந்தியா எஸ்', 'இந்தியா என்' என்று இருக்கின்றன. இறுதி ஆட்டத்தில் 'இந்தியா எஸ்' தைவானிடம் 0-2 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது. அடுத்து 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983இல் தாய்லாந்தில் மீண்டும் இரண்டாம் இடம். தொடர்ந்து மூன்று முறை ஆசியாவின் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த அணி அது. அதன்பின் இந்திய மகளிர் அணி அந்த உயரத்தை எட்டியதில்லை.

எங்கள் ஐவரில் ஒருத்தி கோழிக்கோட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கும் இது தெரியாது. மெக்சிகோ நகரத்தை எண்ணி வியந்த நாங்கள், இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் சென்றடையக்கூடிய ஊரில் நடந்ததை அறிந்திருக்கவில்லை.

இதைச் சொன்னவுடன் துறை நண்பர் ஒருவர் ஓர் எதிர்வாதத்தை முன்வைத்தார். வலுவானது என்பதால் அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். "அவை அதிகாரபூர்வமான போட்டிகள் அல்ல. இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு என்று 1975இல் தனியாக ஒன்றைத் தொடங்கி அவர்களே நடத்திக்கொண்டார்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1990களின் தொடக்கத்தில்தான் பெண்கள் ஆட்டத்தைப் பொறுப்பேற்றது. அணிகளும் குறைவு. அவற்றை எப்படி வரலாற்றில் சேர்ப்பது?"

அணிகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். ஆண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1930இல் உருகுவேயில் நடந்தது. பங்கேற்றவை 13 அணிகள். தகுதிச் சுற்று என்று எதுவும் கிடையாது. அழைப்பை ஏற்றுக் கப்பலேறி வந்தவர்கள் ஆடினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கே அணிகள். அதை 'முதல் உலகக் கோப்பை' என்று சொல்ல எவரும் தயங்குவதில்லை. ஆகவே போட்டியின் அளவு ஒரு காரணமாக நிற்காது. யார் நடத்தினார் என்பது மட்டுமே எஞ்சுகிறது.

அந்தக் கேள்வியிலும் ஒரு சுழற்சி இருக்கிறது. இங்கிலாந்தில் 1920 டிசம்பர் 26 அன்று குடிசன் பார்க் அரங்கில், பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் 'டிக், கெர் லேடீஸ்' அணி ஆடியதைக் காண 53,000 பேர் கூடினர். ஓராண்டுக்குள், 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாது என்று தீர்மானித்த அந்நாட்டுச் சங்கம், தன் உறுப்பினர்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. தடை விலக அரை நூற்றாண்டு ஆயிற்று. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை தடை. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை. அதிகாரம் உள்ள அமைப்பு மைதானத்தை மறுக்கிறது. பெண்கள் தாமாகவே ஆட்டத்தை நடத்துகிறார்கள். பிறகு அதே அமைப்பு, 'எங்கள் அனுமதியின்றி நடந்தது, ஆகவே கணக்கில் வராது' என்கிறது. 'அதிகாரபூர்வம்' என்னும் சொல் இங்கே ஆட்டத்தின் தரத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. கதவு யார் கையில் இருந்தது என்பதையே கூறுகிறது.

மேலும், அமைப்புகள் பெயரைப் பின்னோக்கிச் சூட்டத் தயங்குபவை அல்ல. 1991இல் சீனாவில் நடந்த போட்டியை நாம் 'முதல் மகளிர் உலகக் கோப்பை' என்கிறோம். நடந்தபோது அதற்கு அந்தப் பெயர் இல்லை. 'மகளிர் கால்பந்துக்கான ஃபிஃபா உலக சாம்பியன்ஷிப்' என்று அழைத்து, ஒரு மிட்டாய் நிறுவனத்தின் பெயரைக் கோப்பையோடு ஒட்டியிருந்தார்கள். ஆட்டங்களும் 90 நிமிடங்கள் அல்ல, 80 நிமிடங்களே. 'உலகக் கோப்பை' என்னும் பட்டம் பிற்பாடு வந்து பழைய போட்டியின்மேல் அமர்ந்தது. தன் போட்டிக்குப் பின்னோக்கிப் பெயரிட முடிந்த ஃபிஃபா, 1971க்கு அதைச் செய்யவில்லை.

ஆனால் ஆசியாவின் கதை வேறு. இந்தப் பதிவின் மையக் கருத்தும் இதுவே. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, தனி அமைப்பொன்று நடத்திவந்த அந்தத் தொடக்க காலப் போட்டிகளையும் இன்று தன் மகளிர் கோப்பையின் வரலாற்றிலேயே வைத்திருக்கிறது. 1975இல் ஹாங்காங்கில் நியூசிலாந்து வென்றது, 1980இல் கோழிக்கோட்டில் தைவான் வென்றது, இந்தியா இரண்டாம் இடம் பெற்றது ஆகிய அனைத்தும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆகவே 1971இன் மெக்சிகோவுக்குப் பொருந்தும் சாக்கு கோழிக்கோட்டுக்குப் பொருந்தாது. இங்கே தடைச் சட்டம் ஏதும் இல்லை. யாரும் ஆவணத்தை மறைக்கவில்லை. எவர் கையிலுள்ள கைபேசியிலும் அரை நிமிடத்தில் கிடைக்கும் தகவல் இது. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் தடை செய்த வேலையை, இங்கே நம் அசட்டையே செய்துமுடித்திருக்கிறது.

அந்த அசட்டை எப்படிப் பட்டது என்பதை எனக்குப் புரியவைத்தவர் என் பெரியம்மா. அவர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய குழுப் புகைப்படம் இருந்தது என் நினைவுக்கு வந்தது: 1970களின் இறுதியில் எடுத்தது, கையில் பந்தோடு கல்லூரிப் பெண்கள். அன்று மாலை தொலைபேசியில் கேட்டேன்.

"பெரியம்மா, அந்தப் போட்டோல இருக்கது ஃபுட்பால் டீமா?"

"அது சும்மா வெளையாடினது மக்கா. அதப் போயி இப்ப கேக்கியே."

விடாமல் கேட்டேன். இருபது நிமிடம் பேசினார். தாம் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக இருந்தது, மூத்த மாணவியின் பூட்சை வாங்கி முனையில் காகிதம் அடைத்துப் போட்டுக்கொண்டது, வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்தில் போய் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது, அந்தக் கோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது உட்பட அனைத்தும் அவர் நினைவில் இருந்தன. சான்றிதழ்களைக் கரையான் அரித்துவிட்டதாம். அதே ஆண்டுகளில் பெரியப்பா வாலிபால் ஆடியவர். வீட்டுக்கு யார் வந்தாலும் அவரை 'டிஸ்ட்ரிக்ட் பிளேயர்' என்றே அறிமுகப்படுத்துவார்கள். ஒரே வீட்டில் ஒருவருடைய ஆட்டத்துக்குப் பட்டம். இன்னொருவருடைய ஆட்டத்துக்கு 'சும்மா'.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் இந்தச் சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன். தமிழிலும் மலையாளத்திலும் 'சும்மா'வுக்கு ஏறக்குறைய ஒரே பொருள் வீச்சு. வேலையின்றி, காரணமின்றி, கூலியின்றி, பயன் கருதாமல், வேடிக்கையாக என்று இடத்துக்கேற்ப விரியும். இவை அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு: 'இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.' பெரியம்மாவின் நினைவு துல்லியமாக இருந்தது. அவர் குறைத்துக்கொண்டது அதன் மதிப்பை மட்டுமே. 'அதிகாரபூர்வமற்றது' என்று அலுவலகம் எழுதுவதையே, வீட்டு மொழியில் அவர் 'சும்மா' என்று மொழிபெயர்த்துக்கொண்டார். தண்டிக்கப்பட்டு ஊர் திரும்பிய இங்கிலாந்துப் பெண்கள் பேசாமலே இருந்துவிட்டதையும் இந்த வரிசையில் வைத்தே நான் இப்போது புரிந்துகொள்கிறேன்.

செய்தி மொழிக்கும் இதில் பங்குண்டு. 2025 ஜூலையில் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். 'தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறை' என்று செய்திகள் கூறின; அது சரியான தொடர். நான் என் பக்கத்தில் பகிர்ந்தபோது 'இந்தியப் பெண்கள் முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு!' என்று எழுதினேன். 'தகுதிச் சுற்றின் வழியாக' என்பதை நான்தான் விட்டுவிட்டேன். பலர் விரும்பினார்கள், ஒருவரும் திருத்தவில்லை. 'முதல்' என்னும் சொல் எப்போதும் ஓர் எல்லையை வேண்டி நிற்பது. எதில் முதல், எந்தக் கணக்கில் முதல் என்று கூறாவிட்டால், அதற்கு முன்பிருந்த அனைத்தையும் அது வெற்றிடமாக்கிவிடும். மகிழ்ச்சியோடு எழுதிய அந்த ஒற்றை வரியால் நான் மூன்று ஆசியப் போட்டிகளை அழித்திருக்கிறேன்.

இன்னொரு கூறு நம் மாணவர்களுக்குப் பழக்கமானது. 'கால்பந்து' என்பது குறியற்ற வடிவம். 'மகளிர் கால்பந்து' குறியுற்ற வடிவம். குறியற்ற வடிவம் முழுமையின் பெயராக நின்றுகொள்ளும். 'கேரளக் கால்பந்து வரலாறு' என்று ஒரு கருத்தரங்கு அறிவித்தால் எவற்றைப் பேசுவோம்? 1973இல் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது, இறுதி ஆட்டத்தில் மணி அடித்த மூன்று கோல்கள், மலப்புரத்தின் செவன்ஸ் மைதானங்கள், வி. பி. சத்யன், ஐ. எம். விஜயன். இவை பேசப்பட வேண்டியவையே. இவற்றோடு 'கோழிக்கோடு 1980' சேர வேண்டுமெனில் 'மகளிர்' என்று தலைப்பிட்ட தனி அமர்வு வேண்டும். பெரும்பாலும் அது மதிய உணவுக்குப் பிந்தையது.

திரைப்படங்களிலும் இதே நிலைதான். சத்யனைப் பற்றி 2018இல் 'கேப்டன்' வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ரஹீமைப் பற்றி 2024இல் 'மைதான்' வந்தது. பெண்கள் கால்பந்தை வைத்துத் தமிழில் பெரும் பொருட்செலவில் வந்த படம் 2019இன் 'பிகில்'. அதன் தலைப்போ ஆண் பயிற்சியாளரின் பட்டப்பெயர். உண்மையில் வாழ்ந்த சாந்தி மல்லிக்கின் பெயரை எங்கள் ஐவரில் எவரும் கேட்டதில்லை. 1983இல் அர்ஜுனா விருது பெற்ற இந்தியாவின் முதல் பெண் கால்பந்து ஆட்டக்காரர் அவர். அவருக்கு அடுத்து ஒரு பெண் கால்பந்து ஆட்டக்காரருக்கு அவ்விருது 2017இல் கிடைத்தது: மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி. இடையில் 34 ஆண்டுகள்.

'கோப்பா 71' நல்ல படம். ஆயினும் அதன்மீது எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. மீண்டும் மீண்டும் அது அந்த 1,10,000 பேரைக் காட்டுகிறது. இத்தனை கூட்டம் வந்ததை மறந்தார்களே என்பதே அதன் வாதம். கூட்டம் வராதிருந்தால் மறந்தது நியாயமாகிவிடுமா? மெக்சிகோவில் தனியார் முதலாளிகளும் மது நிறுவனத்தின் விளம்பரப் பணமும் இருந்தன, ஒளிப்பதிவுக் கருவிகள் இருந்தன, ஆகவே ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு படம் சாத்தியமாயிற்று. ஆவணப்படம் என்னும் வடிவம், ஏற்கெனவே படம்பிடிக்கப்பட்டவர்களுக்கே எளிதில் இடம் தரும். பூட்சில் காகிதம் அடைத்து ஆடியவர்களை அது அடையாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு குறிப்பேடும் பொறுமையாகக் கேட்கும் ஒருவரும்.

இது பழங்கதையைத் தூசு தட்டும் ஆசை மட்டுமன்று. இன்றைய ஆட்டம் அதன் தொடர்ச்சி. கோழிக்கோட்டைச் சேர்ந்த கோகுலம் கேரளா இந்திய மகளிர் லீகை மூன்று முறை தொடர்ந்து வென்றது. அவற்றுள் 2022 மே மாதத் தீர்மான ஆட்டத்தில் எதிரே நின்றது மதுரையின் சேது எஃப்.சி. அதே ஆண்டு ஆகஸ்டில் கோகுலம் பெண்கள் ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்தபின், அகில இந்தியக் கூட்டமைப்பின் மீது ஃபிஃபா விதித்த தடையால் ஆடாமலே திரும்பினார்கள். நிர்வாகச் சண்டையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அதற்கும் முன்பு, அந்த ஜனவரியில், இந்தியாவிலேயே நடந்த ஆசியக் கோப்பையில் கொரோனா தொற்றால் 13 பேரைத் திரட்ட முடியாமல் நம் அணி விலக நேர்ந்தது. அன்று எதிரே ஆட வேண்டியிருந்தது சீன தைபே, அதாவது 1980இன் இறுதி ஆட்டத்தில் வென்ற அதே தைவான். நான் வாசித்த செய்திகள் எவற்றிலும் அந்தப் பழைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்பொரு காலத்தில் ஆசியாவில் இரண்டாம் இடத்தில் இருந்தோம் என்று அறிந்த சமூகம், இன்றைய பின்தங்கலுக்குக் காரணம் கேட்கும். அறியாத சமூகம், 'இப்போதுதானே தொடங்கியிருக்கிறார்கள், பொறுங்கள்' என்று சொல்லிவிடும். நாற்பத்தைந்து ஆண்டுகளாக நாம் அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லிவருகிறோம்.

ஆகவே பல்கலைக்கழகங்களில் இருக்கும் நம்மிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, பாளையத்தில் உள்ள மாநில மைய நூலகத்திலும் நாளிதழ் அலுவலகங்களின் சேமிப்பறைகளிலும் 1980 ஜனவரி இதழ்களைப் பார்ப்போம். ஒரு வாரம் இரண்டு மாணவர்கள் அமர்ந்தால் முடியும் வேலை. ஆட்டக்காரர்களின் பெயர்கள் முழுமையாக எழுதப்பட வேண்டும். 'இந்தியா எஸ்' என்னும் ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்திருப்பவர்கள் மனிதர்கள்.

இரண்டாவது, 1975க்கும் 1990க்கும் இடையே கல்லூரிகளுக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடிய பெண்களுக்கு இன்று ஏறத்தாழ ஐம்பத்தைந்து முதல் எழுபது வயதிருக்கும். வாய்மொழி வரலாறு, கள ஆய்வு என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஒவ்வொரு முதுகலை மாணவரும் ஒரே ஒருவரைச் சந்தித்து ஒரு மணி நேரம் பதிவு செய்தாலும் இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆவணகம் உருவாகிவிடும். மொழியியல் மாணவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: அன்று களத்தில் அவர்கள் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை.

மூன்றாவது, கருத்தரங்குகளில் 'மகளிர் அமர்வு' என்று ஒதுக்காமல் கால்பந்து வரலாற்றின் பொது அமர்விலேயே இதை வைப்போம். அடைமொழி சேர்க்கத்தான் வேண்டுமெனில் இரு பக்கமும் சேர்ப்போம்: 'ஆண்களின் சந்தோஷ் கோப்பை, 1973.' உச்சரிக்கும்போது விந்தையாக ஒலிக்கும். அந்த விந்தை உணர்வுதான் நாம் ஆராய வேண்டிய தரவு.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவிடமிருந்து அந்தப் புகைப்படத்தை வாங்கி அதன் பின்புறம் பார்த்தேன். படம் எடுத்த ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் இருந்தது. நின்றிருப்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதினேன். பதினோரு பேரில் ஒன்பது பெயர்களைத் தயங்காமல் சொன்னார். பத்தாவது பெயருக்குக் கண்ணை மூடிச் சிறிது யோசித்தார். பதினோராவது பெண்ணின் முகத்தைத் தொட்டு, "இவதான் கோலி. பேரு வாயில நிக்கு, வரமாட்டேங்கு" என்றார். நாளை தம் பழைய தோழி ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுச் சொல்வதாக அவரே சொன்னார். இம்முறை 'சும்மா' என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு படம் இருந்தால், இந்த வாரமே பெயரும் ஆண்டும் கேட்டு அதன் பின்னால் எழுதி வையுங்கள். கோழிக்கோட்டில் அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களோ ஆடியவர்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், கீழே ஒரு வரி இடுங்கள். நான் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.